மருத்துவமனையில் கற்ற மானுடம்

நுழையும்முன்

மருத்துவம் பயின்று இலக்கியத்திற்கு வந்தவர்கள் உலகில் பலர். ருசியாவில் ஆன்டன் செகாவும் மிகயீல் புல்ககோவும், பிரிட்டனில் ஆர்தர் கோனன் டாயிலும் ஏ. ஜே. குரோனினும் அவ்வரிசையில் வருவோர். மருத்துவ மாணவராகக் கழித்த ஐந்தாண்டுகளையே தம் எழுத்தின் அடித்தளமாக அமைத்துக்கொண்டவர் சாமர்செட் மாம். பிணியுற்ற மனிதரை அருகிருந்து கண்ட அந்த இளைஞர் மனித இயல்பைப் பற்றி என்ன கற்றார் என்பதையும், அக்கல்வி ஒரு நாவலாக மலர்ந்த வரலாற்றையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தாயை இழந்த இளமை

வில்லியம் சாமர்செட் மாம் 1874ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் பாரிசு நகரில் உள்ள பிரித்தானியத் தூதரகத்தில் பிறந்தார். அவருடைய தந்தை அத்தூதரகத்தின் சட்டப் பணிகளைக் கவனித்துவந்த வழக்குரைஞர். தாய் ஈடித் அழகும் அன்பும் நிறைந்தவர். ஆனால் காசநோயால் நலிந்தவர். காசநோயுற்ற பெண்ணுக்குக் கருவுறுதல் நன்மை தரும் என்று அக்கால மருத்துவர் சிலர் நம்பினர். அந்நம்பிக்கை எத்துணைப் பிழையானது என்பது பின்னரே தெளிவாயிற்று. 1882ஆம் ஆண்டு சனவரி இறுதியில், மகப்பேற்றுக்குப் பின் சில நாள்களிலேயே ஈடித் உயிர் நீத்தார். பிறந்த குழந்தையும் பிழைக்கவில்லை. அப்போது மாமுக்கு எட்டு வயது நிறைந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. காசநோய்க்குக் காரணமான நுண்ணுயிரியைத் தாம் கண்டறிந்ததை செருமானிய அறிவியலறிஞர் இராபர்ட் காக் உலகுக்கு அறிவித்தது அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில்தான். நோயின் காரணம் தெரிந்தபோதும் அதைத் தீர்க்கும் மருந்து கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேலாயின.

இரண்டாண்டுகளில் தந்தையும் மறைந்தார். பத்து வயதுச் சிறுவர் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் விட்சுடபிள் என்னும் கடற்கரை ஊருக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஆங்கிலத் திருச்சபையின் குருவாக இருந்த சிற்றப்பாவின் இல்லத்தில் அவர் வளர்ந்தார். பிரெஞ்சு மொழியிலேயே பேசிப் பழகிய அவருக்கு ஆங்கிலம் இயல்பாக வரவில்லை. அத்துடன் பேச்சும் திக்கத் தொடங்கியது. கேன்டர்பரி நகரின் கிங்சு பள்ளியில் உடன் பயின்றோர் அவருடைய திக்கலை எள்ளி நகையாடினர். சொல்ல எண்ணிய சொல் நாவில் வந்து நின்றுவிடும் துன்பம் அவருடைய வாழ்நாள் முழுவதும் நீடித்தது. பேச முடியாத சிறுவர் பிறரைக் கூர்ந்து நோக்கப் பழகினார்.

தேம்சு ஆற்றங்கரையில்

மாமைத் திருச்சபைப் பணியில் சேர்க்கச் சிற்றப்பா விரும்பினார். பேச்சுத் திக்கல் அதற்குத் தடையாயிற்று. கணக்காளர் அலுவலகம் ஒன்றில் சில வாரங்கள் பணி பழகியும் மனம் ஒன்றவில்லை. ஊர் மருத்துவர் ஒருவர் மருத்துவக் கல்வியைப் பரிந்துரைத்தார். எழுத்தாளராக வேண்டும் என்னும் விருப்பத்தை மாம் முன்னரே நெஞ்சில் வளர்த்திருந்தார். அதை வீட்டில் வெளிப்படுத்தத் துணியவில்லை. இலண்டன் மாநகரில் வாழும் வாய்ப்புக் கிட்டும் என்பதற்காகவே அவர் இசைந்தார். 1892ஆம் ஆண்டு, தம் பதினெட்டாம் வயதில், செயின்ட் தாமசு மருத்துவமனையின் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார்.

நாடாளுமன்றக் கட்டடத்துக்கு எதிரே, தேம்சு ஆற்றின் மறுகரையில், லாம்பெத் என்னும் பகுதியில் அம்மருத்துவமனை அமைந்துள்ளது. புளாரன்சு நைட்டிங்கேல் தொடங்கிய செவிலியர் பயிற்சிப் பள்ளி செயல்பட்டதும் இம்மருத்துவமனையில்தான். ஆற்றின் ஒரு கரையில் பேரரசின் ஆட்சிமன்றம். மறுகரையில் நெருக்கமான சந்துகளில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்புகள். இரண்டுக்கும் இடையில் ஒரு பாலத்தின் நீளமே இருந்தது.

தந்தை விட்டுச் சென்ற பொருளிலிருந்து ஆண்டுக்கு 150 பவுண்டு அளவில் அவருக்கு வருவாய் வந்தது. சிக்கனமாக வாழ்வோர்க்கு அது போதுமானது. வின்சென்ட் சதுக்கத்தில் வாடகை அறை ஒன்றில் தங்கி, பகலில் மருத்துவமும் இரவில் இலக்கியமுமாக அவர் காலம் கழித்தார். முதல் இரண்டாண்டுப் பாடங்கள் அவரைக் கவரவில்லை. தேர்வில் தேறும் அளவுக்கே படித்தார். குறிப்பேடு ஒன்றில் தாம் கண்டவற்றையும் எண்ணியவற்றையும் நாள்தோறும் எழுதிவைக்கும் வழக்கத்தை மட்டும் அவர் கைவிடவில்லை.

தேடிய இடத்தில் இல்லாத நரம்பு

உடற்கூறியல் கூடத்தில் நிகழ்ந்த சிறிய நிகழ்வு ஒன்று அவர் மனத்தில் ஆழப் பதிந்தது. இறந்தவர் உடலின் ஒரு பகுதியைப் பிரித்து ஆய்ந்துகொண்டிருந்த மாம், பாடநூல் குறித்த இடத்தில் ஒரு நரம்பைத் தேடினார். நெடுநேரம் தேடியும் அது அகப்படவில்லை. செய்முறை ஆசிரியர் வந்து, எதிர்பாராத வேறோர் இடத்தில் அதை எளிதாகக் காட்டினார். பாடநூல் தம்மை ஏமாற்றிவிட்டதாக மாணவர் சினந்தார். ஆசிரியரோ சிரித்தவாறே, மனித உடலில் இயல்பு என்று சொல்லப்படும் அமைப்பே மிக அரிதாகக் காணப்படுவது என்று விளக்கினார்.

உடலைப் பற்றிய அந்த விளக்கம் மனித மனத்துக்கும் பொருந்தும் என்று மாம் உணர்ந்தார். பாடநூலில் வரையப்பட்டிருக்கும் உடல் பல உடல்களிலிருந்து தொகுத்த ஒரு சராசரி. மேசைமேல் கிடக்கும் உடலோ தனியொரு மனிதருடையது. அவ்வாறே நல்லவர், தீயவர், கோழை, வீரர் என்று நாம் வகுத்திருக்கும் பெயர்களுக்கு முழுதும் பொருந்தும் மனிதர் எவரும் இலர். ஈகையும் கஞ்சத்தனமும், அன்பும் வஞ்சமும் ஒரே நெஞ்சில் அருகருகே வாழக்கூடும். பேச்சுத் திக்கலால் தம்மைப் பிறரினின்று வேறானவராகவே கருதி வருந்திய இளைஞருக்கு, வேறுபாடே மனித இயல்பு என்னும் இவ்வுண்மை ஆறுதலாகவும் அமைந்திருக்க வேண்டும். பின்னாளில் எழுதிய தன்வரலாற்று நூலில் அவர் இந்நிகழ்வை மறவாது பதிவுசெய்துள்ளார்.

கறுப்புப் பை காட்டிய உலகம்

மூன்றாம் ஆண்டில் புறநோயாளிகள் பிரிவில் பணி தொடங்கியதும் மாமுக்கு மருத்துவக் கல்வியில் ஆர்வம் பிறந்தது. வரிசையில் காத்திருந்தோர் ஒவ்வொருவராக மருத்துவர் முன் வந்தனர். உழைத்து உருக்குலைந்த சுமைதூக்கிகள், தையல் வேலையால் கண் மங்கிய பெண்கள், இருமலோடு வந்த சிறுவர்கள், குடியால் அழிந்தோர் எனப் பலரையும் அவர் கண்டார். மருத்துவர் முன் அமரும் மனிதர் தம் வழக்கமான முகமூடியைக் கழற்றிவிடுகிறார். பெருமையும் பாசாங்கும் அங்கே பயன்படுவதில்லை. தம் நோய் தீராதது என்று அறியும் நொடியில் ஒருவர் முகம் எவ்வாறு மாறும், அச்சம் நீங்கியவர் எவ்வாறு மூச்சுவிடுவார் என்பவற்றை நூல் எதுவும் அவருக்குக் கற்பித்திருக்க இயலாது.

துன்பம் மனிதரை உயர்த்தும் என்பது பலரும் போற்றிய கருத்து. மாம் நோயாளிகளிடையே கண்டதோ வேறு. நீண்ட நோய் பலரைத் தன்னலம் மிக்கவராக, ஐயம் கொள்பவராக, சிறியவற்றுக்கும் சினப்பவராக ஆக்கியதை அவர் கண்டார். இதனால் அவர் நோயாளிகளை வெறுக்கவில்லை. வலி மனிதரை என்ன செய்யும் என்பதை அறிந்தமையால், அவர்தம் குறைகளைக் கடிந்துரைப்பதை விடுத்து அவற்றின் காரணத்தைப் புரிந்துகொள்ள முற்பட்டார். தீர்ப்பு வழங்குவது மருத்துவரின் பணியன்று. நோய்நாடி நோய்முதல் நாடுவதே அவர் பணி. நாவலாசிரியரின் பணியும் அதுவே என்று மாம் கொண்டார்.

மகப்பேற்றுப் பயிற்சி அவரை ஏழைகளின் வீட்டுக்குள்ளேயே அழைத்துச் சென்றது. அக்காலத்தில் ஏழைப் பெண்கள் பலர் தம் வீட்டிலேயே மகவு ஈன்றனர். மருத்துவ மாணவர் அங்கே சென்று உதவ வேண்டும். நள்ளிரவில் கணவரோ சிறுவனோ வந்து அழைத்தால், கருவிகள் அடங்கிய கறுப்புப் பையுடன் மாம் எழுந்து செல்வார். காவலரும் தனியே நுழையத் தயங்கிய சந்துகளில் அந்தப் பையே அவருக்குக் காவலாயிற்று. மூன்று வாரங்களில் 63 மகப்பேறுகளில் அவர் பங்கேற்றார். ஓர் அறையில் முழுக் குடும்பமும் வாழ்வதையும், ஏற்கெனவே பசித்திருக்கும் வீட்டில் பிறக்கும் குழந்தை மகிழ்ச்சியோடு வரவேற்கப்படாத கொடுமையையும், அவ்வறுமைக்கிடையிலும் அண்டை வீட்டுப் பெண்கள் ஒருவர்க்கொருவர் துணைநிற்கும் பண்பையும் கண்டார். மகப்பேற்றினால் தாயை இழந்த ஒருவர் இத்தனை தாய்மாரின் படுக்கையருகே நின்றார் என்பதை எண்ணிப் பார்க்கும்போது, அந்த இரவுகள் அவருக்கு வெறும் பயிற்சியாக மட்டும் இருந்திருக்க இயலாது என்பது விளங்கும்.

முதல் நாவலும் முடிவும்

லாம்பெத் சந்துகளில் கண்டவற்றைக் கொண்டு மாம் தம் முதல் நாவலை எழுதினார். 'லைசா ஆஃப் லாம்பெத்' என்னும் அந்நூல் 1897ஆம் ஆண்டு வெளிவந்தது. தொழிற்சாலையில் வேலைசெய்யும் லைசா என்னும் பதினெட்டு வயதுப் பெண், மணமான ஒருவனை விரும்பி, அதனால் ஊராரின் ஏச்சுக்கும் அடிக்கும் ஆளாகி, கருச்சிதைந்து இறக்கும் கதை அது. ஏழைகளின் பேச்சையும் வாழ்வையும் ஒளிவுமறைவின்றி எழுதியதைச் சிலர் கண்டித்தனர். பலர் ஆர்வத்துடன் படித்தனர். முதற்பதிப்பு சில வாரங்களிலேயே விற்றுத் தீர்ந்தது.

அதே ஆண்டில் அவர் மருத்துவராகத் தகுதி பெற்றார். கையில் மருத்துவத் தகுதியும் விற்பனையாகும் நாவலும் இருந்தன. இருபத்து மூன்று வயது மாம் எழுத்தைத் தேர்ந்தார். மருத்துவத் தொழிலை ஒரு நாளும் மேற்கொள்ளவில்லை. அம்முடிவுக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. அடுத்த பத்தாண்டுகள் நூல்கள் பெரிதாக விற்பனையாகாமல் பொருள் முட்டுப்பாட்டில் கழிந்தன. 1907இல் அரங்கேறிய 'லேடி பிரடரிக்' நாடகம் அந்நிலையை மாற்றியது. மறு ஆண்டில் இலண்டன் அரங்குகளில் அவருடைய நான்கு நாடகங்கள் ஒரே காலத்தில் நடைபெற்றன. மருத்துவத்தை அவ்வளவு விரைந்து கைவிட்டது அறிவின்மை என்று முதுமையில் அவரே எண்ணியதுண்டு. இன்னும் சில ஆண்டுகள் அத்தொழிலில் இருந்திருந்தால் மனிதரை மேலும் அறிந்திருக்கலாம் என்பதும், எழுத்தாளருக்கு மருத்துவத்தைவிடச் சிறந்த பயிற்சி இல்லை என்பதும் அவர் கருத்துகள்.

மானுடத் தளை

நாடகங்களால் புகழும் செல்வமும் வந்த பின்னரும் மாமின் மனம் அமைதியடையவில்லை. தாயின் மறைவு, பள்ளியில் பட்ட அவமானம், மருத்துவமனை நாள்கள் ஆகியவை நினைவில் ஓயாது எழுந்தன. அவற்றை எழுதித் தீர்த்தாலன்றி விடுதலை இல்லை என்று உணர்ந்து, நாடகம் எழுதுவதை நிறுத்திவைத்து ஒரு பெருநாவலைத் தொடங்கினார். 'ஆஃப் ஹியூமன் பாண்டேஜ்' என்னும் அந்நூல் 1915இல் வெளியாயிற்று. மானுடத் தளை என்பது அத்தலைப்பின் பொருள். தத்துவ அறிஞர் சுபினோசாவின் நூலிலிருந்து அத்தலைப்பை அவர் எடுத்துக்கொண்டார்.

நாவலின் தலைவன் பிலிப் கேரி, பிறவியிலேயே ஒரு பாதம் வளைந்தவன். மாமின் பேச்சுத் திக்கலே பிலிப்பின் கால் குறையாக உருமாறியிருக்கிறது. பெற்றோரை இழந்து குருவாகிய பெரியப்பாவிடம் வளரும் அவன், பாரிசில் ஓவியம் பயின்று, தன் திறமை எளியது என்று அறிந்து, இலண்டனில் மருத்துவம் கற்க வருகிறான். உடற்கூறியல் கூடத்தின் மணம், தேர்வுத் தோல்வி, நோயாளியின் முன் முதன்முறை நிற்கும் மாணவனின் நடுக்கம், இரவு மகப்பேற்று அழைப்புகள், இளந்தாய் ஒருத்தியின் சாவு என மருத்துவக் கல்வியின் ஒவ்வொரு படியும் அந்நாவலில் இடம்பெறுகிறது. பங்கு வணிகத்தில் பணமிழந்த பிலிப், படிப்பை இடையில் நிறுத்தித் துணிக்கடையில் வேலை செய்கிறான். பிறகு மீண்டும் மருத்துவமனைக்குத் திரும்பித் தகுதி பெறுகிறான்.

மருத்துவக் கல்வியைக் கூறும் நாவல்கள் பலவற்றுள் இது தனித்து நிற்பதற்குக் காரணம் ஒன்று உண்டு. பிலிப் பெரிய கண்டுபிடிப்பு எதையும் நிகழ்த்துவதில்லை. புகழ்பெற்ற மருத்துவனாகவும் ஆவதில்லை. தன் குறையை எண்ணியெண்ணிக் குமைந்த அவன், புறநோயாளிகள் பிரிவில் அமர்ந்து, ஒவ்வொரு மனிதரும் ஏதோ ஒரு குறையைச் சுமந்தே வாழ்கின்றனர் என்று அறிகிறான். சிலருக்கு அது உடலில், சிலருக்கு மனத்தில். இவ்வறிவு வந்ததும் தனக்குத் தீங்கிழைத்தோரையும் அவனால் மன்னிக்க முடிகிறது. பாடநூல் காட்டிய இடத்தில் இல்லாத அந்த நரம்பின் பாடமே இருபது ஆண்டுகள் கடந்து ஒரு நாவலின் உட்பொருளாயிற்று எனலாம். தாம் நீங்கிய தொழிலில் பிலிப்பை நிலைபெறச் செய்து, எளிய ஊர் மருத்துவனாக அவன் வாழத் தலைப்படுவதோடு மாம் கதையை முடித்தார்.

மீண்டும் காயமுற்றோரிடையே

அந்நாவல் அச்சேறிய காலத்தில் முதல் உலகப்போர் மூண்டிருந்தது. 1914இல் நாற்பது வயதினரான மாம், செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆம்புலன்சுக் குழுவில் இணைந்து பிரான்சு சென்றார். மருத்துவமனையை விட்டு நீங்கிப் பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. காயங்களைத் தூய்மைசெய்து கட்டுப்போடவும், பிரெஞ்சு வீரர்களின் மொழியை எடுத்துரைக்கவும் அவர் உதவினார். போர்முனைக்கு அருகிலிருந்தவாறே தம் நாவலின் அச்சுப்படிகளைத் திருத்தினார்.

சில ஆண்டுகளில் அவரே நோயாளியானார். தாயைக் கொண்டுசென்ற காசநோய் அவரையும் பற்றியது. சுகாட்லாந்தின் காசநோய் மருத்துவ இல்லம் ஒன்றில் அவர் பல திங்கள் படுத்திருந்தார். அங்கும் அவருடைய கண்கள் ஓயவில்லை. உடனிருந்த நோயாளிகளின் பொறாமை, அச்சம், காதல் ஆகியவற்றைக் கொண்டு பின்னாளில் 'சானடோரியம்' என்னும் சிறுகதையை எழுதினார்.

திருவண்ணாமலையில்

1938ஆம் ஆண்டு மாம் இந்தியாவில் பயணம் செய்தபோது திருவண்ணாமலைக்கு வந்து இரமண மகரிசியைக் கண்டார். ஆசிரமத்தில் அவர் திடீரென மயங்கி விழுந்தார். ஓர் அறையில் அவரைப் படுக்கவைத்திருந்தபோது, மகரிசியே அங்கு வந்து அவரருகே அமைதியாக அமர்ந்திருந்தார். அம்மயக்கத்தை ஆன்மிக அனுபவமாகவே பலர் பேசினர். மருத்துவம் பயின்ற மாம் அவ்வாறு உரிமை கொண்டாடவில்லை. முன்பும் தமக்கு அவ்வாறு மயக்கம் வந்ததுண்டு என்றும், உடலின் கோளாறே அதற்குக் காரணம் என்றும் நேர்மையுடன் எழுதினார். எனினும் மகரிசியின் அமைதி அவர் நெஞ்சைத் தொட்டது. 1944இல் வெளிவந்த 'தி ரேசர்சு எட்ஜ்' நாவலில் வரும் இந்தியத் துறவி, மகரிசியின் சாயலில் படைக்கப்பட்டவர். கடோபநிடதத்திலிருந்து பெறப்பட்டது அந்நாவலின் தலைப்பு.

குறையும் நிறையும்

மாமின் எழுத்து இரக்கமற்றது, மனிதரை மருத்துவமனை மேசைமேல் கிடத்திப் பார்ப்பது என்று திறனாய்வாளர் சிலர் குறைகூறினர். அக்குற்றச்சாட்டை முழுதும் புறந்தள்ளிவிட இயலாது. 1930இல் வந்த அவருடைய நாவல் ஒன்றில் தம் சாயலைக் கண்டு, எழுத்தாளரும் நண்பருமான இயூ வால்போல் பெரிதும் மனம் வருந்தினார். நோயாளியைக் கூர்ந்து நோக்கும் மருத்துவர் அவரைக் குணப்படுத்தவும் கடமைப்பட்டவர். எழுத்தாளருக்கோ நோக்குவது மட்டுமே பணியாகிவிடும் இடர் உண்டு. மாம் அந்த இடரிலிருந்து எப்போதும் தப்பினார் என்று கூறமுடியாது. எனினும் மிகச் சிறந்த பக்கங்களில் அவருடைய கூர்நோக்கு, பழிக்காமல் புரிந்துகொள்ளும் பரிவாகக் கனிந்திருக்கிறது.

1946இல் 'ஆஃப் ஹியூமன் பாண்டேஜ்' நாவலின் கையெழுத்துப்படியை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு அவர் கொடையளித்தார். மறு ஆண்டில் இளம் எழுத்தாளர்களுக்காகத் தம் பெயரில் ஒரு பரிசை நிறுவினார். உலகெங்கும் புகழ் பெற்ற பின்னரும், எட்டு வயதில் இழந்த தாயின் ஒளிப்படத்தைத் தம் படுக்கையருகே இறுதிவரை வைத்திருந்தார். 1965ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில், தொண்ணூற்றொன்றாம் வயதில், பிரான்சு நாட்டில் அவர் இயற்கை எய்தினார்.

தம் பேச்சைக் கேட்டு நகைத்த அதே கேன்டர்பரிப் பள்ளிக்கு அவர் பிற்காலத்தில் நூல்களையும் பொருளையும் வாரி வழங்கியிருந்தார். அவர் பெயர் தாங்கிய நூலகம் அங்கே எழுந்தது. அவர் விரும்பியவாறே, அந்நூலகத்தின் சுவரையொட்டிய மண்ணில் அவருடைய அத்தி தூவப்பட்டது.